அப்பாவின் சேமநிதிப் பணத்தில் பழைய வீட்டை எடுத்துக் கட்டுகிறோம், எங்கே காசு கரையும்?

மெலிந்தாங் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியா, பேராக்கில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் இருந்து வெளியே வந்தபோது வாங்கிய மலிவு விலை வரிசை வீடு, இரண்டு பக்கமும் ஒட்டிய சுவர். கூரை இன்னும் அந்தக் காலத்து அஸ்பெஸ்டாஸ்தான், பெரிய மழை என்றால் நடு ஹாலில் பேசின் வைக்கிறோம். பின்னால் 20 அடி அகலம், 10 அடி நீளத்துக்கு வெறும் இடம் கிடக்கிறது. அதை மூடி குசினியை (சமையலறையை) இழுத்துக் கட்ட வேண்டும், குளியலறையைப் புதிதாகப் போட வேண்டும், தரைக்கு டைல்ஸ், கூரை மாற்றம், நாலு பிளக் பாயிண்ட். இதுதான் திட்டம்.

காசு அப்பாவின் இபிஎப், அதாவது ஊழியர் சேமநிதி. 45 ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஒரு காசு இல்லை, அதைத் தாண்டினால் கடன்தான். தெரிந்தவர் மூலமாக வந்த காண்ட்ரெக்டர் வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு "எல்லாம் சேர்த்து 42" என்றார். எழுதித் தாருங்கள் என்று கேட்டால், "நம்ம ஆளுங்கதானேம்மா, பேப்பர் எதுக்கு" என்கிறார். பாதி முன்பணம் வேண்டுமாம், தீபாவளிக்குள் சாவியைக் கையில் தருவாராம்.

வீட்டில் ஆளுக்கு ஒரு ஆசை. அம்மாவுக்கு கேபினெட், தம்பிக்கு ஏசி. அப்பாவோ குசினித் தரையை ஒரு அடி உயர்த்து என்கிறார், ஏனென்றால் பின்னால் ஓடும் வாய்க்கால் நிரம்பினால் தண்ணீர் வாசல்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கும். அத்தை வந்து அடுப்பை அக்னி மூலைக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். வரிசை வீட்டில் நான் எந்த மூலையைத் தேடுவது?

கட்டி முடித்தவர்கள், கட்டட வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது?


சும்மா வந்தவன்:

சிஸ்டர், 42க்கு இவ்வளவு வேலை என்றால் நல்ல விலைதான், ரொம்ப யோசித்தால் ஆள் கை நழுவிப் போய்விடுவார். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு வீடு விடாமல் எல்லோரும் பின்னால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், ஒருத்தரும் பெர்மிட் எடுக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. முன்பணம் பாதி கேட்பதும் இங்கே வழக்கம்தான், இரும்பு சிமெண்ட் எல்லாம் அவர் கைக்காசு போட்டா வாங்குவார்? கேபினெட்டை நல்லதாகப் போடுங்கள். வருகிறவர்கள் கண்ணுக்கு அதுதான் தெரியும்.


தெலுக் இந்தான் பெரிசு:

மகளே, நான் முப்பது வருசத்துக்கு மேல் கட்டட வேலையில் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக இருந்தவன். மேலே தம்பி கண்ணுக்குத் தெரிவதைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் தெரியாததைச் சொல்கிறேன். உன் 45 ஆயிரத்தில் முதல் செலவு மண்ணுக்குள்ளே, அடுத்தது கூரைக்கு மேலே, அப்புறம் சுவருக்குள் ஓடும் ஒயருக்கும் குழாய்க்கும். இதெல்லாம் முடிந்து மிச்சம் இருப்பதுதான் டைல்ஸும் கேபினெட்டும். ஆனால் ஊரில் பாதிப்பேர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

நம்ம ஹிலிர் பேராக், பாகான் டத்தோ பக்கமெல்லாம் ஆற்றோரக் களிமண், ரொம்ப இளகிய மண். எங்கள் ஊர் சாய்ந்த கோபுரத்தைப் போய்ப் பார். 1885ல் கட்டியது, உள்ளே தண்ணீர்த் தொட்டி இருந்தது, அந்தப் பாரத்தை அடிமண் தாங்கவில்லை. ஒரு பக்கம் இறங்கி நின்றதை இன்றைக்கு சுற்றுப்பயணிகள் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். உன் குசினி சாய்ந்தால் படம் பிடிக்க எவனும் வர மாட்டான்.

நடப்பது என்னவென்றால், வீட்டைக் கட்டிய கம்பெனி பழைய வீட்டுக்கு அடியில் பைலிங், அதாவது பாரம் தாங்க மண்ணுக்குள் ஆழமாக அடிக்கும் கட்டை, இறக்கியிருப்பான், இல்லாவிட்டாலும் அந்த வீடு இத்தனை வருசத்தில் இறங்க வேண்டிய அளவு இறங்கி நின்றிருக்கும். நீ புதிதாக ஒட்டும் பகுதி இனிமேல்தான் இறங்க ஆரம்பிக்கும். காண்ட்ரெக்டர் அதைப் பழைய சுவரில் துளை போட்டுக் கம்பி சொருகி ஒன்றாகக் கட்டிவிட்டால், இறங்கும்போது பழைய சுவரையும் சேர்த்து இழுக்கும். இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு விழும், அதன் வழியாக மழைத்தண்ணீர் உள்ளே வரும். சிமெண்ட் பூசினால் அடுத்த வருசம் திரும்பவும் வெடிக்கும், நீயும் பூசிக்கொண்டே இருப்பாய்.

வசதி இருந்தால் தூண் விழும் இடங்களில் பக்காவ் கட்டை இறக்கு. மாத்தாங் சதுப்புக் காட்டு மரம் இந்த வேலைக்குப் பேர் போனது. கட்டையின் தலை நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், நீருக்குள் இருக்கும்வரை மரம் அழுகாது, காற்றுப் பட்டால் மக்கிவிடும். பைலிங்குக்குக் காசு பற்றாதென்றால் குசினியை லேசாகக் கட்டு. இரும்புச் சட்டம், தகடு கூரை, ஜன்னல் மட்டம் வரை மட்டும் கல், அதுவும் முடிந்தால் எடை குறைந்த காற்றுக் கல். எப்படிக் கட்டினாலும் பழைய சுவரோடு சேர்க்காமல் அரை அங்குலம் இடைவெளி விட்டு, இழுபடும் சீலண்டால் அடைக்கச் சொல். மேலே மூடும் தகடு பழைய சுவரில் மட்டும் ஆணி அடித்து நிற்க வேண்டும், புதுப் பக்கம் சும்மா படிந்திருக்க வேண்டும். புதுப்பகுதி கொஞ்சம் இறங்கினாலும் ஒன்றும் கிழியாது.

அப்பா தரையை உயர்த்தச் சொல்கிறாரே, அதுதான் எனக்குப் பயம். உன் 20க்கு 10 இடத்தில் ஒரு அடி மண் கொட்டினால் 200 கன அடி. மணல் கன அடிக்கு 45 கிலோ என்றாலே 9 டன், ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். இளகிய களிமண் தலையில் 9 டன்னை ஏற்றிவிட்டு, தரை ஏன் இறங்குகிறது என்று நாளைக்கு யாரைக் கேட்பது? தண்ணீருக்குப் பயந்து மண் கொட்டுவார்கள், மண் பாரத்தால் தரை இறங்கும், திரும்பவும் தண்ணீர் வரும். அதைவிடப் பின்வாசலில் நாலு ஐந்து அங்குலக் கட்டை கட்டு, வெளியே போகும் குழாயில் தண்ணீர் திரும்பி வராத மூடி வைக்கச் சொல், பிளக் பாயிண்டுகளை உயரத்தில் போடு. அம்மாவுக்கு பலகைக் கேபினெட் வேண்டாம், கால் வைத்த அலுமினியக் கேபினெட் போட்டுக்கொடு. தண்ணீர் ஏறினாலும் துடைத்துவிட்டுப் போகலாம், கரையானும் சீண்டாது.

இன்னொன்று, பின்னால் செப்டிக் டேங்க் இருக்கிறதா என்று முதலில் பார். பழைய மலிவு வீடுகளில் பல இடத்தில் அது பின்பக்கம்தான்.


மெலிந்தாங் மகள்:

ஐயா, இருக்கிறது! நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அப்பாவிடம் கேட்டேன், அம்மா துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு காங்கிரீட் மூடி இருக்கிறதே அதுதான் என்றார். இத்தனை வருசம் நான் அதன் மேல் நின்றுதான் துணி காயப்போட்டிருக்கிறேன். காண்ட்ரெக்டரும் அதைப் பார்த்தார், "டைல்ஸ் போட்டு மூடிடலாம்" என்றார்.


தெலுக் இந்தான் பெரிசு:

மூடவே மூடாதே. அந்த டேங்க்கில் சேரும் கசடை இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருமுறை இண்டா வாட்டர் என்கிற கழிவுநீர் கம்பெனி லோரியோ உரிமம் உள்ள வேறு ஆளோ வந்து உறிஞ்ச வேண்டும். மூடி இல்லாவிட்டால் புது டைல்ஸை உடைக்க வேண்டியதுதான், அதற்குள் கழிவு குளியலறை வழியாக மேலே வந்துவிடும். டேங்க் மேல் தூணும் நிற்கக்கூடாது, சுவரும் ஏறக்கூடாது. குசினியை 10 அடிக்குப் பதிலாக 6 அடியோ 7 அடியோ நிறுத்தி, மூடி இருக்கும் பக்கத்தைத் திறந்த துவைக்கும் இடமாக விட்டுவிடு. வெளிச்சமும் காற்றும் அந்த வழியாகத்தான் வரும், முழுதும் மூடினால் நடு அறை பகலிலேயே இருட்டு. நீளம் குறைந்தால் செலவும் குறையும்.


சங்காட் ஜோங் அக்கா:

பெரியவர் சொன்ன வெடிப்பை நான் தினமும் பார்க்கிறேன், தங்கச்சி. எங்கள் பக்கத்து வீட்டில் குசினி இழுத்துக் கட்டினார்கள், பளபளவென்று பெரிய பெரிய டைல்ஸ், ஊரே வந்து பார்த்தது. இப்போது அந்தத் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் தானாகப் பின்வாசலுக்கு உருண்டு போகிறது. சிங்க்குக்குக் கீழே குழாய் மூட்டு விலகி நிற்கிறது, பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகும், அதற்குள் பழைய சிலுவாரை (கால்சட்டையை) திணித்து வைத்திருக்கிறார் அந்த அக்கா. கட்டியவரைக் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. பேப்பர் ஒன்றும் கிடையாது, அதனால் பேசவும் வழியில்லை.

நான் சொல்ல வந்தது தீபாவளிக் கதை. இங்கே மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர்தான் சாயங்காலமானால் இடி மின்னலோடு கொட்டுகிற காலம், தீபாவளி வருவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் கூரையைக் கழற்றி வைத்துக்கொண்டு, மேலே கேன்வாஸ் போட்டு மறைத்து, கீழே மெத்தை கட்டிலெல்லாம் நனைந்து, யாருக்கு இந்தத் தலைவேதனை? தேதி நெருங்க நெருங்க ஆள் அவசரப்படுவார். காயாத பூச்சு மேல் பெயிண்ட் அடிப்பார், குளியலறைத் தரையில் தண்ணீர் கசிகிறதா என்று பார்க்காமலே டைல்ஸ் ஒட்டுவார். தீபாவளி அடுத்த வருசமும் வரும். இந்த வருசம் பழைய வீட்டிலேயே முறுக்கு சுடுங்கள், கொஞ்சம் காய்ந்த மாதமாகப் பார்த்துக் கூரையைத் திறங்கள்.

அஸ்பெஸ்டாஸ் விஷயத்தில் விளையாட வேண்டாம். கூரையில் சும்மா கிடக்கும் வரைக்கும் பெரிய தொல்லை இல்லை, உடைத்தாலும் அறுத்தாலும்தான் கண்ணுக்குத் தெரியாத நார் தூசியாகப் பறந்து நுரையீரலில் போய் உட்காரும், பல வருசம் கழித்துத்தான் நோயைக் காட்டும். பையன்கள் மேலே ஏறி சுத்தியலால் தட்டித் தட்டிக் கீழே போடுவார்கள். அதற்கு விடக்கூடாது. தகடுகளை நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுசு முழுசாக இறக்கச் சொல்லுங்கள். சாதாரண துணி மாஸ்க் போதாது. அன்றைக்கு அப்பா அம்மாவை வேறு வீட்டில் விடுங்கள், விழுந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். எங்கே கொண்டுபோய்ப் போடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள், செம்பனைக் காட்டு ஓரத்தில் வீசிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சீலிங் பலகையும் அதே சரக்காக இருக்கலாம்.


மின்சார மச்சான்:

நான் ஒயர்மேன், என் வேலையை மட்டும் பேசுகிறேன். "நாலு பிளக் பாயிண்ட்" என்று சொல்லும்போதே தெரிகிறது, பழைய ஒயரில் இருந்து இழுத்துத் தரப் போகிறார்கள். அந்த வீட்டை ஒயரிங் செய்த காலத்தில் ஒரு பிரிட்ஜ், ஒரு டிவி, நாலு விளக்கு. இன்றைக்கு ரைஸ் குக்கர், வாஷிங் மெஷின், தம்பியின் ஏசி, அப்புறம் எப்படியும் ஒரு வாட்டர் ஹீட்டர் வரும். சுவரை உடைத்து வைத்திருக்கும் இந்த ஒரு நேரத்தில்தான் மலிவாக மாற்ற முடியும், பூசின பிறகு மாற்றினால் இரண்டு மடங்கு.

ஹீட்டருக்குத் தனி லைன் வேண்டும், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், அதற்கென்று 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி. வீட்டுக்குப் பொதுவாக இருக்கும் பெரிய ஆர்சிசிபி போதும் என்று சொன்னால் நம்பாதீர்கள், அது கூடுதல் கசிவு வந்தால்தான் துண்டிக்கும், ஈரக் கையோடு நிற்கும் இடத்துக்கு அது போதாது. ஏசிக்கும் தனி லைன்தான். எர்த் கம்பி உண்மையில் மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள், பல பழைய வீடுகளில் கம்பி துரு பிடித்து அறுந்து கிடக்கும், யாருக்கும் தெரியாது. எரிசக்தி ஆணையத்தில் பதிந்த ஒயர்மேன்தான் செய்ய வேண்டும், கார்டைக் கேளுங்கள், கேட்டால் கோபித்துக்கொள்கிறவன் கார்டு இல்லாதவன்.

பூசுவதற்கு முன்னால் எல்லாச் சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள், பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு. நாளைக்கு சாமிப்படம் மாட்ட ஆணி அடிக்கும்போது ஒயர் எங்கே, குழாய் எங்கே என்று தெரியும்.

அத்தையிடம் சொல்லுங்கள், அடுப்பை மாற்றினால் கேஸ், குழாய், ஒயர் மூன்றும் மாறும், செலவை அத்தை ஏற்றுக்கொண்டால் அக்னி மூலை ஓகே.


சும்மா வந்தவன்:

எல்லோரும் சேர்ந்து பயம் காட்டுகிறீர்கள். இப்படிப் பார்த்தால் யாருமே வீடு கட்ட முடியாது. பெர்மிட்டுக்கு பிளான் வரைகிற ஆளுக்குக் காசு, நகராண்மைக் கழகத்தில் காத்திருப்பு. பாவம், பெரியவர் காசு. பக்கத்து வீட்டுக்காரன் புகார் செய்யாத வரைக்கும் பிரச்சினையே இல்லை.


தெலுக் இந்தான் பெரிசு:

தம்பி, ஒட்டுச்சுவர் வீட்டில் புகார் செய்யாத பக்கத்து வீட்டுக்காரனை எங்கே தேடுவது? உன் தகடு கூரைத் தண்ணீர் அவன் பக்கம் விழுந்தால் போதும், மறுநாளே ஆள் போய் நிற்பான். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி இழுத்துக் கட்டுவதற்கு அனுமதி வேண்டும், இல்லாமல் கட்டினால் இடிக்கச் சொல்ல நகராண்மைக் கழகத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதைவிட, வீட்டை விற்கும்போதோ கடனுக்கு வைக்கும்போதோ வங்கி மதிப்பீட்டாளர் வருவார், அனுமதி இல்லாத பகுதியை அவர் கணக்கில் சேர்க்காமல் போகலாம். அப்பா போட்ட காசுக்கு அன்றைக்கு மதிப்பு பூச்சியம்.

மகளே, முதலில் நகராண்மைக் கழகக் கவுண்டரில் போய்க் கேள், எவ்வளவு தூரம் பின்னால் விட வேண்டும், உன் வேலைக்குச் சிறு பிளான் போதுமா என்று. கேட்பதற்குக் காசு இல்லை.

முன்பணம் பாதி என்பதற்கு நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 21 ஆயிரம் கையில் வந்த பிறகு அந்த ஆளுக்கு உன் வீடு அவசரமில்லை, அடுத்த வீட்டு முன்பணம்தான் அவசரம். 10 விழுக்காடு கொடுத்து ஆரம்பி, சாமான்தான் பிரச்சினை என்றால் சிமெண்ட், இரும்பு, தகடு எல்லாவற்றையும் ஹார்ட்வேர் கடையில் நீயே நேராகக் கட்டு. பிறகு தூண் எழும்பினால் ஒரு பங்கு, கூரை முடிந்தால் ஒரு பங்கு, ஒயரிங் சோதித்தால் ஒரு பங்கு. கடைசி 10 விழுக்காட்டை ஒரு பெரிய மழை பார்த்த பிறகு கொடு.

பேப்பர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். "கூரை மாற்றம்" என்று ஒரு வரி எழுதினால் அது பேப்பர் இல்லை. தகடு எத்தனை மில்லிமீட்டர், டைல்ஸ் சதுர அடிக்கு என்ன விலை, சுவரில் பூச்சு இரண்டு பக்கமா ஒரு பக்கமா, குப்பை லோரி யார் கணக்கு, இதெல்லாம் இருக்க வேண்டும். தகட்டில்தான் ரொம்ப விளையாடுவார்கள், 0.48 என்று பேசிவிட்டு 0.30 போடுவார்கள், கீழே நின்று பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும், மேலே ஆள் நடந்தால்தான் நெளியும். இறக்கும்போது ஓரத்தை அளந்து பார். கூடுதல் வேலை எதுவானாலும் விலையை வாட்ஸ்அப்பில் எழுதி அவர் சரி என்று பதில் போட்ட பிறகுதான் செய்ய வேண்டும். சிஐடிபியில், அதாவது கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில், பதிந்தவரா என்று அவர்கள் இணையப் பக்கத்திலேயே தேடலாம்.

நம்ம ஆள் என்பதால் எழுதக் கூடாதென்று ஒன்றும் இல்லை. நம்ம ஆள் என்றால் கையெழுத்துப் போட இன்னும் சுலபம்தானே.


சங்காட் ஜோங் அக்கா:

பேப்பர் இருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், தங்கச்சி. 50,000 வெள்ளி வரைக்கும் அங்கே கேட்கலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வைக்கத் தேவையில்லை, மூன்று வருசத்துக்குள் போக வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் சொல்லும்போது அந்த மூன்று வருசம் தாண்டிப் போயிருந்தது.

இன்னொரு சின்ன விஷயம், குளியலறை. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் கசிவுப் பூச்சு அடித்து, ஓட்டையை அடைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கி வைக்கச் சொல்லுங்கள், மட்டம் குறைகிறதா என்று பேனாவால் கோடு போட்டுப் பாருங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு 20 சென் காசை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் சிமெண்ட் இல்லை. அந்த மூலையில் பெரிய சாமான் வைத்தால் பிளக்கும்.


மெலிந்தாங் மகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசினோம். குசினியை 6 அடியோடு நிறுத்துகிறோம், செப்டிக் மூடி வெளியே. தரை உயர்த்துவதில்லை, அப்பா முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், 9 டன் கணக்கை எழுதிக் காட்டியதும் "ஒரு லோரி செம்பனைக் குலை பாரம்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு ஒத்துக்கொண்டார். கேபினெட் இந்த வருசம் பாதி மட்டும், ஏசி லைன் மட்டும் இழுத்து வைப்போம், ஏசியைத் தம்பி சம்பாதித்து வாங்கட்டும். காண்ட்ரெக்டரிடம் எழுதிக் கேட்டேன், இரண்டு நாள் பதில் இல்லை, அப்புறம் ஒரு பக்கம் எழுதி அனுப்பினார், அதில் பைலிங்கும் இல்லை, ஒயரிங்கும் இல்லை, "கூடுதல்" என்று போட்டிருக்கிறார். ஆக 42 என்பது 42 இல்லை. இன்னும் இரண்டு பேரிடம் விலை கேட்கிறோம்.

கடைசியாக ஒன்று. கூரையைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் மரச்சட்டத்தை "பழசு, கரையான் பிடிச்சது, மாத்தணும்" என்கிறார். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?


தெலுக் இந்தான் பெரிசு:

ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு நீயே ஏறிப் பார், இல்லை தம்பியை ஏற்று. ஆனால் அஸ்பெஸ்டாஸ் தகட்டில் கால் வைக்க வேண்டாம், அது உடைந்து ஆளைக் கீழே விடும். சீலிங் பலகையையும் உடைக்காதே, திறப்பு இருந்தால் அது வழியாகப் பார். திறப்பு இல்லையென்றால் கூரையைக் கழற்றும் அன்றைக்குப் பக்கத்தில் நின்று சோதிக்கலாம். மரத்தைக் குத்து, முக்கியமாக சுவரில் உட்காரும் முனைகளையும் தண்ணீர் ஒழுகிய இடத்தையும். நல்ல மரம் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பி அனுப்பும், கரையான் தின்றது உள்ளே வாங்கிக்கொள்ளும், மண் கோடும் தெரியும். உங்கள் தாமானே தோட்டத்தை அழித்துப் போட்டதுதானே, அடிமண்ணில் பழைய வேர்க்கட்டைகள் கிடந்தால் கரையானுக்குச் சாப்பாடு அங்கேயே இருக்கிறது. புதுத் தரைக்கு காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் மண்ணில் மருந்து அடிக்கச் சொல், ஊற்றின பிறகு அடித்தால் துளை போட வேண்டும்.

இரண்டு மூன்று சட்டம் மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்று. அப்படியும் முழுதும் கழற்றினால், நல்ல கட்டைகளை உங்கள் வீட்டு வாசலில் அடுக்கி வைக்கச் சொல், லோரியில் ஏற்ற விடாதே. பழைய கெட்டி மரத்துக்கு வெளியே விலை இருக்கிறது, அது உன் அப்பா காசு.